இரண்டு பக்கமும் பேசுகிறவனின் மகள்

ஜூன் 3, செவ்வாய்

"பேசித் தீக்காதீங்க. எழுதித் தொலைங்க" என்று சொல்லிவிட்டாள் செண்பகம். மனைவி பேச்சைக் கேட்டவன் கெட்டதில்லை என்று மேடையில் முழங்கியவன் நான். மறுவாரமே எதிர் அணியில் நின்று அதைக் கிழித்தும் இருக்கிறேன். எப்படியோ, எழுதுகிறேன்.

என் பெயர் கோமதிநாயகம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் பாக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். அது வயிற்றுக்கு. மற்றபடி நான் பட்டிமன்றப் பேச்சாளன். சுவரொட்டியில் 'சிரிப்புச் சரவெடி' என்று போட்டிருக்கும். படம் மட்டும் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருக்கும். எந்த அணியில் ஆள் குறைகிறதோ அந்த அணியில் பேசுவேன். மாமியார் பக்கமும் பேசியிருக்கிறேன், மருமகள் பக்கமும் பேசியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன்.

இன்று காலை எங்கள் மகள் நிறைமதியைச் செண்பகம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நாலு வயது. நான் கூடத்தில் கண்ணாடி முன் நின்று செங்கல்பட்டுக் கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் பிள்ளையின் உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. மூச்சு இழுத்தது. கண் செருகியது. செண்பகம் ஈரத்தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். இப்படி வந்தால் அப்படிப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நான் செய்தது என்ன என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்த பிள்ளை, "அப்பா, நீ ஏன் என் துண்ட வச்சிருக்க?" என்றாள். நியாயமான கேள்வி.

சென்னையில் அவளைப் பார்க்கும் டாக்டர் உமையாளுக்குச் செண்பகம் போன் செய்தாள். உடனே கிளம்பி வரச் சொன்னார்.

ஜூன் 5, வியாழன். சென்னை

மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜ் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். சென்னையில் காற்று வாங்குவது என்பது கவிஞர்கள் கட்டிவிட்ட கதை.

இன்று எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளுகுளுவென்று பசையைத் தடவி, ஒரு சின்னக் கருவியை அதன் மேல் நகர்த்தி, திரையில் இதயத்தைப் பார்ப்பது. பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும். நிறைமதி அசையாமல் கிடந்த ஒரே காலம் செண்பகத்தின் வயிற்றில் இருந்த காலம்; அங்கேயும் உதைத்திருக்கிறாள். நான் இருக்கப் பயமேன் என்று முன்வந்து, பஸ் கண்டக்டர் குரலிலும் கோபக்கார மாமியார் குரலிலும் பேசிக் காட்டினேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. திரையில் இதயமும் குதித்தது.

டாக்டர் உமையாள் கருவியை எடுத்துவிட்டுத் திரும்பினார். "சார், உங்க பேச்சு ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் வெளிய போய் நல்லா இருக்கட்டும்."

வெளியே போனேன். உள்ளே செண்பகம் ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாளாம். படம் சுத்தமாக விழுந்ததாம்.

ஜூன் 6, வெள்ளி

இட்லி ரப்பர். சாம்பார் தண்ணீர். எக்கோ பற்றித் திங்கட்கிழமை சொல்வார்களாம். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் உமையாள் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். எனக்காக இரண்டாம் தடவையும் வரைந்தார். புரிந்ததை எழுதுகிறேன்.

இதயத்தின் கீழ்ப்பாகத்தில் இரண்டு அறைகள். இடது அறையிலிருந்து புறப்படும் குழாய் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோக வேண்டும். வலது அறையிலிருந்து புறப்படும் குழாய் நுரையீரலுக்குக் கொண்டுபோக வேண்டும். நிறைமதிக்கு இரண்டு குழாயும் வலது அறையிலிருந்தே புறப்படுகின்றன. நடுச்சுவரில் ஓர் ஓட்டை. அதுவும் இருக்க வேண்டாத இடத்தில், குழாய்களுக்கு ரொம்பத் தள்ளி. போதாக்குறைக்கு நுரையீரல் குழாயின் வாய் சுருங்கியிருக்கிறது. அதனால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது. பிள்ளை நீலமாவது அதனால்தான். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சின்ன இணைப்புக் குழாய் வைத்து அனுப்பினார்கள். அவள் வளர்ந்துவிட்டாள். குழாய் வளரவில்லை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். இயற்கையின் படைப்பில் இப்படியொரு மாறுபாடு நேர்வதற்கும், மானுட அறிவு அதைச் சரிசெய்ய முனைவதற்கும் இடையே... என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல கேள்வி எது சார்?" என்றார்.

செண்பகம், "இப்பவே ஆபரேசன் செய்யணுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. ஆனா எந்த ஆபரேசன்னு இன்னும் முடிவாகல. உள்ள ரத்த அழுத்தம் எவ்வளவுன்னு பாக்கணும். தொடை வழியா மெல்லிசா ஒரு ட்யூப் இதயத்துக்குள்ள அனுப்பிப் பாப்போம். வியாழக்கிழமை காலையில."

வியாழக்கிழமைதான் செங்கல்பட்டுக் கூட்டம். நல்லவேளையாக அது மாலையில்.

ஜூன் 12, வியாழன்

செங்கல்பட்டு. தலைப்பு: வீட்டில் முடிவெடுப்பவர் கணவரா, மனைவியா? நான் கணவர் அணி. ஆள் குறைந்தது அங்கேதான்.

கூட்டம் ஆறு மணிக்கு. அமைப்பாளர்கள் சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு, காலையில் பிள்ளையைச் சோதனைக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். வாக்கு என்றால் வாக்கு. பேச்சாளனுக்கு அது முக்கியம். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. நல்ல பெஞ்சு. பகல் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்கவில்லை. குறிப்புகள் தயார் செய்தேன் என்று எழுத ஆசைதான். குறிப்புத்தாள் லாட்ஜிலேயே கிடந்தது.

மத்தியானம் செண்பகம் போனில், "முடிஞ்சிருச்சு. முழிச்சிட்டா. பிஸ்கட் கேக்கா" என்றாள். "சரி" என்றேன். அவளும் "சரி" என்றாள்.

மாலையில் பிரமாதமாகப் பேசினேன். "எங்க வீட்ல பெரிய முடிவெல்லாம் நான்தான் எடுப்பேன்! எது பெரிய முடிவுன்னு மட்டும் அவ முடிவு பண்ணுவா!" பழைய சரக்கு, ஆனாலும் கூரை அதிரக் கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மதியம் சாப்பிட்ட வடைதான் காரணம்.

திரும்பி வந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. செண்பகம் எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 14, சனி

இன்றுதான் உண்மையான பட்டிமன்றத்தைப் பார்த்தேன். இரண்டு பேச்சாளர்கள். தலைப்பு என் மகள்.

ஒரு பக்கம் டாக்டர் உமையாள். மறுபக்கம் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் ஜெபராஜ். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். இருவரும் சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜெபராஜ் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இதயத்துக்குள்ளயே சுரங்கம் மாதிரி ஒரு பாதை கட்டி, இடது அறையை உடம்புக்குப் போற குழாயோட சேத்துடறது. நுரையீரலுக்குப் புதுசா ஒரு குழாய் வைக்கணும். சரியா அமைஞ்சா ரெண்டு அறையும் அததோட வேலையைச் செய்யும். அவ ஓடலாம், ஆடலாம். பிற்காலத்துல பிள்ளை பெத்துக்கறதைப் பத்தியும் யோசிக்கலாம். ஆனா பெரிய ஆபரேசன். ஓட்டை தூரத்துல இருக்கறதால சுரங்கம் நீளம். இப்ப ஆபத்து அதிகம். அவ வளர வளர அந்தக் குழாயையும் மாத்தணும்."

"இன்னொண்ணு?" என்றாள் செண்பகம்.

உமையாள் சொன்னார்: "சுரங்கமே வேண்டாம். தலை, கையிலேர்ந்து வர்ற ரத்தத்தை நேரா நுரையீரலுக்குத் திருப்பிடறது. இதயம் ஒரே பம்ப்பா வேலை செய்யும். சில வருஷம் கழிச்சு கீழ் உடம்பு ரத்தத்தையும் அப்படியே திருப்பணும். இப்போதைக்கு ஆபத்து குறைவு. ஆனா முழு இதயம் கிடையாது. முப்பது, நாப்பது வயசுல எப்படி இருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஈரல் பாதிக்கலாம். வேற பிரச்சினையும் வரலாம்."

"நீங்க எதைச் சொல்லுதீங்க?" என்று கேட்டேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய கேள்வி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க குழுவுல பாதிப் பேர் அது, பாதிப் பேர் இது" என்றார் ஜெபராஜ். "நான் முதல் வழி. டாக்டர் உமையாள் ரெண்டாவது. ரெண்டுமே தப்பில்ல. அதனாலதான் உங்ககிட்ட பேசறோம். அப்பா அம்மா ஒரு முடிவு சொல்லணும்."

மேடையில் ஒருவர் பேசியதும் 'அடடா, இதுதான் சரி' என்றும், அடுத்தவர் பேசியதும் 'அடடா, இதுவல்லவா சரி' என்றும் தலையாட்டும் ஆட்களை நான் கேலி செய்வது வழக்கம். இன்று என் தலை ஆடிய ஆட்டத்தை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பகல் முழுவதும் பேசினேன். சுரங்கத்தின் பக்கம் நின்று உருக்கமாகப் பேசினேன். பிறகு மறுபக்கம் நின்று அதைத் தவிடுபொடி ஆக்கினேன். செண்பகம் வாளியில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். 'எங்க ஏரியாவுல எப்பங்க கரண்டு வரும்?' என்று கத்துகிறவர்களைத் தினம் சமாளித்துப் பழகியவள். என்னையும் அப்படியே சமாளித்தாள்.

கடைசியில் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு பக்கமும் ரொம்ப நல்லாப் பேசுதீங்க. எதைக் கேட்டாலும் அதுதான் சரின்னு தோணுது. எனக்குத் தலை வலிக்கி. கொடியில கிளிப்பு மாட்டுங்க."

கிளிப்பு மாட்டினேன். பிறகு மாடிப்படிக்குப் போய் எங்கள் நடுவர் தங்கமாரியப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எத்தனை பெரிய சிக்கலையும் கடைசி ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர். ஊர் ஊராக அவர் தீர்ப்புக்காகவே கூட்டம் கூடும். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி, "தீர்ப்பு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார் மெதுவாக. "நான் எந்தப் பக்கம் கைதட்டு கூடுதலோ அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லுத ஆளு. இதுக்கு எங்கிட்ட என்னய்யா இருக்கு? பிள்ளைக்கு என்ன வேணும்னு சொல்லு, வாங்கி அனுப்புதேன்."

இருபது ஆண்டுகளில் அண்ணாச்சி உண்மை பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. வைத்துவிட்டேன். மாடிப்படியில் தூசி அதிகம், கண்ணில் விழுந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

நிறைமதிக்கு நகம் வெட்டினேன். நீல நகம் வெட்டினால் நீலத் துண்டாக விழும் என்று ஏனோ நினைத்திருந்தேன். சாதாரண வெள்ளைத் துண்டுதான் விழுகிறது. நாலு வருஷமாக அவளுக்கு நகம் வெட்டிவிட்டது யார் என்பது இதிலிருந்து தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

மத்தியானம் பிள்ளை தூங்கியது. செண்பகம் கட்டிலில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குள்ள சொல்லணும்" என்றாள்.

"நீ சொல்லு செண்பகம். உனக்கு எது சரின்னு படுதோ..."

"இல்ல. இந்தத் தடவை நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்த..."

"மொத ஆபரேசனுக்கு நான் ஒத்தையில கையெழுத்துப் போட்டேன். நீங்க அன்னைக்கு நாமக்கல்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. தப்பில்ல, கூட்டம் முன்னயே ஒத்துக்கிட்டது. ஆனா அதுக்கப்புறம் அவ ஒவ்வொரு தடவை நீலமாகையிலயும், நாம சரியாத்தான் செஞ்சோமான்னு நான் ஒத்தையில நினைக்கேன். ரெண்டு பேரா நினைக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்." தலைமுடியை அள்ளி முடிந்தாள். "சிரிப்புக் காட்டாம சொல்லுங்க. அணி கிணியெல்லாம் வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்?"

வாயைத் திறந்தேன். மேற்கோள் வரவில்லை, குட்டிக்கதை வரவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் குரல் மாதிரியே இல்லாத ஒரு குரல் சொன்னது.

"அவ கிழவி ஆகணும்."

செண்பகம் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அப்ப சுரங்கமா?"

"சுரங்கம்."

"சரி. பயமா இருக்கு. ஆனா சரி."

சாயங்காலம் டாக்டர் ஜெபராஜிடம் சொன்னோம். செண்பகம் ஒன்றே ஒன்று கேட்டாள். "உள்ள திறந்து பாத்தப்புறம் இது சரிப்படாதுன்னு தெரிஞ்சா?"

"அங்கயே நிறுத்திட்டு அடுத்த வழிக்கு மாறிடுவேன்மா. முடிவு பண்ணிட்டோமேன்னு பிடிவாதம் பிடிக்க மாட்டேன்."

இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். பட்டிமன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நடுவில் அணி மாறினால் அடுத்த ஊருக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

நாளைக்கு. இன்று அவளை மருந்துச் சோப்புப் போட்டு நான் குளிப்பாட்டினேன். கையில் சோப்பு வழுக்கி இரண்டு தடவை விழுந்தது. பிள்ளை ஒரு மேற்பார்வையாளர் மாதிரி, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல" என்று அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தாள்.

படுக்கப்போகும்போது கேட்டாள். "டாக்டர் மாமா என் நெஞ்சத் தொறந்து என்ன பாப்பாரு?"

"உள்ள குழாய் கோணலா இருக்கு. நேராக்கிருவாரு."

"நம்ம வீட்டுக் குழா மாதிரியா?"

"ஆமா."

"நம்ம வீட்டுக் குழாய நீதான் ரிப்பேர் பண்ணுன. இன்னும் ஒழுகுது."

"டாக்டர் மாமா என்னை மாதிரி இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். இவ்வளவு தெளிவான காரணத்தோடு என்மேல் யாரும் நம்பிக்கை இழந்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். பச்சை உடை போட்ட நர்ஸ் கையை நீட்டினார். பிள்ளை போய்விட்டாள். எனக்குத்தான் கையை மடக்கத் தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். செண்பகம் வந்து இறக்கிவிட்டாள்.

காத்திருக்கும் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படி என்று தெரியாததால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். அதனால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் செண்பகம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். வாசல் பக்கம் போகிறேனா, கழிவறைப் பக்கம் போகிறேனா என்று. கழிவறைப் பக்கம்தான் போனேன்.

மத்தியானம் தாண்டி டாக்டர் ஜெபராஜ் வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். முகத்தில் அதன் தடம். நான் எழுந்தேன்.

"நல்லா இருக்கா" என்றார் முதலில். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி சொல்லச் சொன்னபோதுதான் எனக்கும் விளங்கியது.

சுரங்கம் போட முடியவில்லை. வால்வு புரண்டுவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கும் நூல் போன்ற இழைகள் சில அந்த ஓட்டைக்குக் குறுக்கே ஓடுகின்றன. எக்கோவில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதை வெட்டினால் வால்வு போய்விடும். ஆகவே மாறிவிட்டார். தலை, கை ரத்தத்தை நுரையீரலுக்குத் திருப்பியிருக்கிறார். டாக்டர் உமையாள் சொன்ன வழி.

"நீங்க எடுத்த முடிவு தப்பில்ல சார். உள்ள இடம் இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு கட்சியில் நின்றேன். அது தலைப்பிலேயே இல்லாத கட்சியாம். 'அப்ப அவ கிழவி ஆவாளா?' என்று கேட்க நினைத்தேன். கேட்டதோ வேறு. "நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இன்னும் இல்ல சார்."

ஜூன் 21, சனி

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பிள்ளையைவிடக் குழாய்கள் அதிகம். செண்பகம் எண்ணினாள். நான் சுவரைப் பார்த்தேன். நல்ல சுவர்.

ஜூன் 24, செவ்வாய்

மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறது. அதை வடிக்கும் குழாய் இன்னும் இருக்கிறது. நீர் வடிவது நிற்கும்வரை எண்ணெய், நெய், தேங்காய் எதுவும் கூடாது. கோவில்பட்டிக்காரன் மகளுக்குத் தேங்காய் போடாத சட்னி. நானே லாட்ஜ் சமையல்காரரிடம் மன்றாடிச் செய்துவாங்கிக்கொண்டு போனேன். நிறைமதி ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, "இது சட்னி இல்ல" என்றாள். தொண்டை கட்டியிருந்த குரல். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

ஜூன் 26, வியாழன்

அண்ணாச்சி போன். திண்டுக்கல்லில் ஞாயிறு கூட்டம், ஆள் குறைகிறதாம். வரவில்லை என்றேன். "எந்தப் பக்கம்னு கூடக் கேக்கலியே தம்பி" என்றார். பிள்ளைக்கு வேர்வை துடைத்துக்கொண்டிருந்தேன்; போனை வைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

நீர் நின்றது. குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் உமையாள் வந்து பார்த்தார். தன் வழிதான் நடந்தது என்ற பெருமை கொஞ்சமாவது முகத்தில் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. தோற்றவர் மாதிரிதான் இருந்தார்.

"டாக்டர் ஜெபராஜ் சொன்னது நடந்திருந்தா எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும்" என்றார். "ஆனா இவ நல்லா வரா. இன்னொரு ஆபரேசன் இருக்கு. அதுக்கப்புறமும் வந்துக்கிட்டே இருக்கணும். வருஷா வருஷம்."

"எத்தனை வருஷம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நான் ரிட்டயராகற வரைக்கும் நான் பாக்கறேன். அப்புறம் வேற ஒருத்தர் பாப்பாங்க. அவ நரைச்ச தலையோட வந்து அவங்களைத் திட்டணும். அதுதான் எங்க ஆசையும்."

எங்க ஆசையும் என்றார். செண்பகம் அவரிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

மாலையில் வராந்தாவில் நின்றோம். செண்பகம் கீழே ஆம்புலன்ஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, "செங்கல்பட்டுக் கூட்டம் ஆறு மணிக்குத்தானே?" என்றாள்.

நானும் ஆம்புலன்ஸ்களைப் பார்த்தேன்.

"அமைப்பாளர் அன்னைக்கிப் பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணினாரு. 'சார் எப்பம்மா கிளம்புவாரு, காரு அனுப்பட்டுமா'ன்னு."

ஆம்புலன்ஸ்களை எண்ண ஆரம்பித்தேன்.

"ஆபரேசன் அன்னைக்கி இருந்தீங்க" என்றாள். "அது போதும்."

வடைதான் காரணம் என்று இதற்கு முன் எழுதியிருந்தேன். அந்த வடை உண்மையிலேயே ஊசிப்போனதுதான். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

ஜூலை 8, செவ்வாய். எழும்பூர் ரயில் நிலையம், பிறகு ரயில்

ஊருக்குப் புறப்பட்டுவிட்டோம். நிறைமதியின் நகம் இப்போது முழு ரோஜா நிறமில்லை. அருகில் பார்த்தால் கொஞ்சம் மங்கல் தெரியும். இனி இப்படித்தான் கொஞ்ச காலம் இருக்கும் என்றார்கள். ஆனால் நாவல்பழம் போய்விட்டது.

நடைமேடையில் ஒருவர் விளக்கு எரியும் ஊதல் விற்றுக்கொண்டு போனார். ஊதினால் பச்சை, சிவப்பு வெளிச்சத்தோடு, செத்தவன் எழுந்து உட்காரும் சத்தம். பிள்ளை கேட்டாள்.

எங்கள் வீட்டில் நாலு வருஷமாக 'இல்லை' என்ற சொல் கிடையாது. அழுதால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் பொம்மை என்றால் பொம்மை, கரடி என்றால் கரடி. அவளும் எதையும் கத்திக் கேட்டதில்லை. கேட்பதற்குள் கையில் இருக்கும்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பிறகு, எதனால் என்று தெரியவில்லை, வெளியே வந்துவிட்டது.

"வேண்டாம். ராத்திரி ரயில்ல எல்லாரும் தூங்கணும்" என்றேன்.

பிள்ளைக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் முகம் மெல்லக் கோணியது. அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! எழும்பூரே திரும்பிப் பார்த்தது. நெஞ்சில் நீளமாகத் தையல் போட்ட பிள்ளை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ. செண்பகம் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, பழக்கத்தில் அவளுடைய முழங்கால்களை மடக்கக் குனிந்துவிட்டாள்.

"இரு" என்றேன். "உதட்டைப் பாரு."

இருவரும் நடைமேடையில் முட்டி போட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அகலத் திறந்த வாய், எச்சில், கண்ணீர், சளி. கருக்கவில்லை. கொஞ்சம் அடர்ந்தது. அப்புறம் சிவந்தது. கோபத்தில் காதுகூடச் சிவந்தது.

"வாங்கிக் குடுத்துத் தொலைங்க" என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல், "என்னா மனுஷன்யா நீ? பச்சப் புள்ள இந்தக் கத்து கத்துது, பாத்து இளிச்சிக்கினு இருக்கியே?" என்றார். அதுவரை நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கடைசியில் அழுது அழுது அவளுக்கே அலுத்துவிட்டது. தேம்பித் தேம்பி மூச்சை இழுத்துவிட்டு, என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அப்பா கெட்டவன்."

ரயில் கிளம்பிவிட்டது. செங்கல்பட்டைத் தாண்டிவிட்டோம். பிள்ளை அம்மா மடியில் தூங்குகிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை. எதிர் இருக்கைக்காரரிடம் இரண்டு தடவையும், டிக்கெட் பரிசோதகரிடம் ஒரு தடவையும் சொல்லிவிட்டேன். செண்பகத்திடம் எத்தனை தடவை என்று கணக்கில்லை.

"கேட்டியா செண்பகம்? என்னைக் கெட்டவன்னுட்டா!"